கிளி சிஸ்டர் திருப்பிச் சொன்னது

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் கிளி சிஸ்டர் என்று பெயர். வைத்தவர் அங்கே இருக்கும் எலும்பு டாக்டர். டாக்டர்கள் போனில் மருந்து சொன்னால் அக்கா ஒரு எழுத்து விடாமல் அதைத் திருப்பிச் சொல்லி, கடைசியில் "சரியா?" என்று கேட்பாள். அந்தப் பக்கமிருந்து "சரி" என்று வந்தால்தான் போனை வைப்பாள். அரை என்று சொன்னது ஆறு என்று காதில் விழுந்தால் ஆளே போய்விடுவான் இல்லையா, அதற்காக எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற முறைதான் இது. மற்றவர்கள் அவசரத்தில் பாதியை முழுங்கிவிட்டுச் சொல்வார்கள். இவள் மட்டும் வகுப்பில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று சொல்வாள். "இந்த சிஸ்டர் டியூட்டியில இருந்தா நான் வீட்டுல நிம்மதியா தூங்குவேன்" என்று எலும்பு டாக்டர் ஒருமுறை சொன்னாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "வரும்போது ரொட்டியும் முட்டையும் வாங்கிட்டு வா" என்றால், "ரொட்டி, முட்டை, சரியா?" என்பாள். என் வீட்டுக்காரருக்கு இது போதும். வேண்டுமென்றே போன் போட்டு வம்பு இழுப்பார்.

"அண்ணி, எழுதிக்கோங்க. உங்க தங்கச்சி ஒரு ராட்சசி."

"என் தங்கச்சி ஒரு ராட்சசி. சரியா?"

"ரொம்பச் சரி அண்ணி!"

போனை வைத்த பிறகுதான் தன் வாயால் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைக்கும். "அய்யய்யோ, இந்த மனுஷன் மறுபடி ஏமாத்திட்டாரு" என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். எத்தனை தடவை சிரித்திருக்கிறோம், ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். யார் யோசித்தது?

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "டியூட்டி மாத்திவிட ஆள் கிடைக்கலை" என்பாள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வாழ்நாள் முழுக்க நின்று நின்றே வேலை பார்த்தவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. எலும்பு வார்டிலேயே வேலை பார்த்துக்கொண்டு தன் முழங்காலை யாருக்கும் காட்டாதவள் இவள் ஒருத்திதான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு புண்ணியவதி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறாள். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்சப் படிகளை ஏறுவாள்.

அந்த வருஷத்தோடு வேலையை விட்டுவிடுவது என்றும், தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாங்குவது என்றும் முடிவு செய்தாள். வீடும் பார்த்தாயிற்று. இரண்டே அறைகள்தான், ஆனால் வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. தெருவிலிருந்து அப்படியே உள்ளே நடந்து போய்விடலாம். அக்கா அந்த வாசலில் நாலைந்து தடவை உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். வீட்டை விற்கிறவர் ஒரு ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், நடந்து பாக்கறேன்" என்று சொல்லிக் குழந்தை மாதிரி சிரித்தாள்.

நான் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறேன். ஜன்னல்களை அளந்தது நான்தான். அகலம் அதிகம், உயரம் கம்மி, இந்தக் காலத்தில் யாரும் வைக்காத ஜன்னல். அக்கா நீலத் துணி எடுத்தாள். பத்திரப் பதிவுக்கு முன்னாலேயே தைத்து முடித்துவிட்டேன். "வீடு கைக்கு வரலை, அதுக்குள்ள திரையா?" என்று கடையில் கிண்டல் செய்தார்கள். நான் கோபக்காரி, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "உங்க வேலையைப் பாருங்கடி" என்றேன்.

பணம் மொத்தமும் பேங்கில் இருந்தது. சேமிப்பு, சீட்டு எடுத்தது, ஆஸ்பத்திரியில் சம்பளத்தில் பிடித்ததை வீட்டுக்காக எடுத்தது என்று அவள் வாழ்க்கையே அந்த ஒரு கணக்கில்தான் இருந்தது.

ஒரு நாள் காலை, இரவு டியூட்டி முடித்து வந்து செருப்பைக் கழற்றியிருக்கிறாள், போன் அடித்திருக்கிறது. பேங்கின் பாதுகாப்புப் பிரிவாம். "மேடம், உங்க கணக்குல யாரோ கை வைக்கறாங்க. நாங்க தடுத்து வச்சிருக்கோம். உங்க பேர்லயே புதுக் கணக்கு ஒண்ணு திறந்திருக்கோம், பணத்தை உடனே அதுக்கு மாத்திடுங்க." அக்கா பதறியிருக்கிறாள். அவன் பதறவில்லை. டாக்டர் மாதிரி நிதானமாகப் பேசினானாம். புதுக் கணக்கு எண்ணைச் சொன்னான். அக்கா என்ன செய்திருப்பாள் என்று சொல்லவும் வேண்டுமா? நிமிர்ந்து நின்று, எண்ணைத் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ரொம்பச் சரி மேடம். உங்களை மாதிரி கவனமா கேக்கறவங்களை நான் பாத்ததே இல்ல" என்றானாம், படுபாவி. கழுத்தை அறுக்கும்போது பாராட்டு வேறு! கடைசியில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். "பெரிய தொகைங்கறதால பேங்க்லேருந்து கூப்பிட்டு ஒரு எச்சரிக்கை படிப்பாங்க. எல்லாருக்கும் படிக்கறதுதான். ஆபரேஷனுக்கு முன்னாடி படிச்சுக் காட்டுவாங்களே, அந்த மாதிரி. கேட்டுட்டு சரின்னு சொல்லிடுங்க."

ஆபரேஷன் என்றதும் அக்காவுக்குச் சந்தேகமே போய்விட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று அவளே எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்! படித்தவளும் கேட்டவர்களும் அதை நினைத்துப் பயந்துகொண்டா இருந்தார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். அவளும் பேங்குக்குப் போன் போட்டு, அந்த எண்ணுக்குப் பணத்தை அனுப்பச் சொன்னாள். பேங்கிலிருந்து கூப்பிட்டுப் படித்தார்கள். கேட்டாள், சரி என்றாள், படுத்துத் தூங்கிவிட்டாள்.

எழுந்து, புதுக் கணக்கின் பாஸ்புக் எப்போது வரும் என்று கேட்கத் தானே பேங்குக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் கணக்கைத் திறந்து பார்த்தாளாம். பிறகு, "மேடம், பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாளாம். நோயாளியின் வீட்டாரிடம் கெட்ட சேதி சொல்லும்போது அக்கா கேட்கிற கேள்வி அது. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் என் கடைக்கு வந்து, தையல் மெஷின் பக்கத்தில் நின்று, "ஏமாந்துட்டேன்டி" என்றாள். நான் கட்டிப்பிடித்து அழுதேன் என்று சொல்ல ஆசைதான். "உனக்கு அறிவு இருக்கா? எவனோ சொன்னா அனுப்பிடுவியா?" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் வேலை. போலீஸில் புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை அன்றைக்கே வழித்துத் துடைத்துவிட்டார்கள் என்றும், கணக்கு யார் பெயரிலோ இருக்கிறது, அந்த ஆளே ஒரு கூலிக்காரன் என்றும் சொன்னார்கள். "பேங்க்ல கேளுங்கம்மா, அவங்க மனசு வச்சா உண்டு" என்றார் எழுதி வாங்கியவர். பேங்கில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு எங்களைப் பந்தாடினார்கள். அங்கே நான் போட்ட சண்டையை எல்லாம் எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. கடைசியில் மேனேஜர் எங்களைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார்.

முதலில் பேங்க் பெண்ணின் குரல் வந்தது. அதன் பிறகு அக்காவின் குரல்.

"பேங்க் எப்பவுமே பணத்தை வேற கணக்குக்கு மாத்தச் சொல்லாது. அப்படி யாராவது சொன்னா அவங்க மோசடிக்காரங்களா இருக்கலாம். அனுப்பின பணம் திரும்பி வராம போகலாம். சரியா?"

"சரி மேடம். உங்களுக்குப் புரிஞ்சுதா? அனுப்பட்டுமா?"

"புரிஞ்சுது. அனுப்புங்க."

இரவு முழுக்க நின்று வேலை பார்த்தவளின் குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு தெளிவாக இருந்தது. மேனேஜர் கெட்டவர் இல்லை, அவருக்கே சங்கடமாக இருந்தது. "மத்தவங்கெல்லாம் ம், ம்னு சொல்லுவாங்கம்மா. அவங்க கவனிக்கலைன்னாவது வாதாடலாம். இவங்க வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்காங்களே" என்றார். அக்கா அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் சொல்லியிருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு அழுவதா அவளை அறைவதா என்று தெரியவில்லை.

பேங்க் கையை விரித்தால் மேலே முறையிட ஒரு குறைதீர்ப்பு அலுவலகம் இருக்கிறது என்று கடைக்கு வருகிற ஒரு வக்கீலம்மா சொன்னார். பேங்கைப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டாம். வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. அங்கேயும் படிகள்தான், அக்கா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பேச்சுவாக்கில் என் வீட்டுக்காரரின் ராட்சசிக் கதையையும் சொல்லிவிட்டேன். அதுவரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்த வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னது, மறுபடி சொல்லுங்க?"

சொன்னேன்.

"அவ்வளவுதாங்க கேஸு! திருப்பிச் சொல்றது இவங்களுக்குக் கைப்பழக்கம். வாய் சொல்லும், மனசுக்குள்ள போகாது. விசாரணையில அதை மட்டும் சொல்லுங்க சிஸ்டர். ‘நான் சொன்னேன், ஆனா எனக்குப் புரியலை. தொழில் பழக்கத்துல வாய் தானா சொல்லிடுச்சு.’ இது போதும். இதே மாதிரி ஒரு கேஸ்ல பாதிக்கு மேல திரும்பி வந்திருக்கு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிராயிங் மாஸ்டர் வேறு, "கொஞ்ச நாள் பாக்கறேம்மா, அப்புறம் எனக்கும் வழியில்ல" என்று சொல்லியிருந்தார். பாதி வந்தால்கூட மீதிக்குக் கடன் வாங்கி வீட்டை முடித்துவிடலாம். படி இறங்கும்போது, "என்னக்கா, கேட்டியா?" என்றேன். "கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திருப்பிச் சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

விசாரணை ஒரு நீளமான மேஜையில் நடந்தது. அதிகாரி நடுத்தர வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் எதிரே பேங்க் ஆள் உட்கார்ந்திருந்தார். பதிவை மறுபடி போட்டார்கள். வக்கீலம்மா பழக்கத்தைப் பற்றி அழகாக எடுத்துச் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டினார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், வார்டுலயும் இப்படித்தான் திருப்பிச் சொல்வீங்களா?"

"ஆமா சார்."

"டாக்டர் மருந்து அளவு சொன்னா, அதையும்?"

"அதுக்குத்தான் சார் அந்த முறையே."

"அப்ப அங்கேயும் மனசுல போகாமத்தான் சொல்வீங்களா?"

அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வக்கீலம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். உட்காருங்கள் என்று அதிகாரி கை காட்டியும் உட்காரவில்லை.

"இல்ல சார். நான் புரியாம ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"அன்னைக்கு?"

நான் மேஜைக்கு அடியில் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அன்னைக்கும் புரிஞ்சுதான் சொன்னேன் சார்."

வக்கீலம்மா ஃபைலை மூடினார். பேங்க் ஆள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உனக்கு என்ன பைத்தியமா? ஒரு பொய் சொல்ல முடியாதா உன்னால? அதுவும் பொய்கூட இல்லடி, உண்மைதானே அது!" அக்காவை நான் டி போட்டது அன்றைக்குத்தான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எத்தனை பேருக்கு இந்தக் கையால ஊசி போட்டிருக்கேன்" என்றாள். "எல்லாம் திருப்பிச் சொல்லிட்டுப் போட்டது. நான் புரியாம உளர்றவன்னு அங்க எழுதி வச்சுட்டா, அவங்கெல்லாம் யார் கையில படுத்திருந்தாங்க? சொல்லு."

"அவங்கெல்லாம் பொழைச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. நீதான் மூணாம் மாடி ஏறப் போறே."

"ஏறிக்கறேன்" என்றாள்.

தீர்ப்பு வரக் கொஞ்ச காலம் ஆனது. இவ்வளவுக்கும் பிறகு அவளுக்கு நம்பிக்கை இருந்தது, அதுதான் கொடுமை. "அந்த ஆபீஸர் நல்லவருடி, முகத்தைப் பாத்தாலே தெரியுது. உண்மையைச் சொன்னதுக்கே ஏதாவது பண்ணுவாரு" என்பாள். டிராயிங் மாஸ்டரிடம் போய் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். வேலையை விடுவதாகக் கொடுத்திருந்த கடிதத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஒரு லீவு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். நீலத் திரைகளை அவள் அலமாரியின் மேல் மடித்து வைத்திருந்தாள். சும்மா கிடக்கிறதே, இந்த ஜன்னலுக்காவது ஆகுமா என்று பிரித்து வைத்துப் பார்த்தேன். அகலம் வழிந்தது, நீளம் பத்தவில்லை. இரண்டை வெட்டி ஒன்றாக ஒட்டுப்போட்டால்தான் உண்டு. கத்தரிக்கோலை எடுக்க மனசு வரவில்லை. "வெட்டாதடி, இரு, பதில் வரட்டும்" என்றாள் அக்காவும். அப்போதுதான் போன் அடித்தது.

யார் பேசுகிறார்கள் என்று கேட்டதும் அக்கா எழுந்துவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் எழுந்தாள். நிமிர்ந்து நின்றாள். அந்தப் பக்கம் யாரோ நிறுத்தி நிறுத்திப் படிப்பது எனக்குக் கொசு ரீங்காரமாகக் கேட்டது. படித்து முடித்ததும் அக்கா தொடங்கினாள்.

"என் கோரிக்கையை ஏத்துக்க முடியாது. பேங்க் எச்சரிக்கையைத் தெளிவா சொல்லியிருக்கு. அதைப் புரிஞ்சுதான் சொன்னேன்னு நானே விசாரணையில ஒத்துக்கிட்டேன். அதனால பணம் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்ல. இதுவே இறுதி முடிவு. சரியா?"

அந்தப் பக்கம் "சரி" என்றார்கள் போலிருக்கிறது.

"ரொம்ப நன்றி சார்" என்று சொல்லி போனை வைத்தாள்.

திரை மடியிலிருந்து நழுவி விழுந்தது. எழுந்து போய் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அக்கா மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருக்கிற முகம் அது.

"அந்த ஆபீஸ்லேருந்துதான்" என்றாள். "எப்ப வந்து வாங்கிக்கணும்னு சொன்னாரா?"

அடப்பாவிகளா! இதையல்லவா பதிவு செய்திருக்க வேண்டும்! மெஷினை வைத்துக்கொண்டு எதையெதையோ பிடித்தீர்களே, இந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்திருந்தால் போதுமே!

என் வாயால் அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவளே சொன்ன வார்த்தைகளை நான் எடுத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதிதான் சொல்லியிருப்பேன். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. பணம் இல்லை என்பதும் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. அவள் போனையே பார்த்தாள், பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"அப்ப வார்டுலயும் இப்படித்தானாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன். "வார்டுல நீ புரிஞ்சுதான் சொன்னே. எல்லாமே புரிஞ்சுதான் சொன்னே."

அவள் திருப்பிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.